முச்சந்தியில் மூன்று கோடு: கோட்டுவலையை நகர்த்த எந்த முறை?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் நான் வழக்கமாகத் தே தாரேக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) குடிக்கும் கடையில் நுரைக்குப் பஞ்சமில்லை. குவளையை மேசையில் வைத்ததும் மேலே மாவு தூவியதுபோலப் பொடிக் குமிழிகள். பேச்சு சூடுபிடித்து, தே ஆறி, திரும்பிப் பார்த்தால் அதே நுரை பெரிய பெரிய கண்களாக விரிந்து கிடக்கும். யாரும் கலக்கவில்லை, ஊதவில்லை. சின்னது காணாமல் போயிருக்கிறது, பெரியது பெருத்திருக்கிறது. விடுமுறைக்கு வந்த அக்கா மகள் அதைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டே, "மாமா, இதத்தான் என்னைக் கணக்காப் போடச் சொல்றாங்க" என்றாள்.

இறுதியாண்டு ஆய்வு. தளத்தில் வளைகோடுகளால் ஆன ஒரு வலை, வளைமையால், அதாவது கோடு ஓரிடத்தில் எவ்வளவு வளைந்திருக்கிறது என்ற அளவால், நகரும்போது என்ன ஆகிறது என்பது தலைப்பு. எந்தக் கணிப்பு முறை என்பதை மட்டும் அவளே தேர்ந்து முன்மொழிவு எழுத வேண்டும். கையில் இருப்பது நான்கு ஜிபி நினைவகத்தோடு ஒரு பழைய மடிக்கணினி. வீடு தோட்டத்து லயத்தில். மழை வந்தால் இணையம் போய்விடும். பதினான்கு வாரப் பருவம். இந்த நிலைமைக்கு எது சரிப்படும் என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்ததைத்தான் எழுதுகிறேன். எனக்கும் இதில் பழைய காயம் ஒன்று உண்டு. இடம் வரும்போது சொல்கிறேன்.

முதலில் விதி, வளைமை ஓட்டம் என்பது இதைத்தான். கோட்டின் ஒவ்வொரு புள்ளியும், அது அங்கே எவ்வளவு வளைந்திருக்கிறதோ அவ்வளவு வேகத்தில், வளைவின் உட்பக்கமாகக் கோட்டுக்குச் செங்குத்தாக நகர வேண்டும். நேர்கோடு அசையாது. கூர்மையாக வளைந்த இடம் ஓடும். வட்டம் வட்டமாகவே சுருங்கும்: தொடக்க ஆரத்தின் வர்க்கத்திலிருந்து நேரத்தின் இரு மடங்கைக் கழித்தால் இப்போதைய ஆரத்தின் வர்க்கம். தன்னைத்தானே வெட்டிக்கொள்ளாத மூடிய கோடு எவ்வளவு கோணல்மாணலாக இருந்தாலும் குழிவுகளை இழந்து, உருண்டு, கடைசியில் வட்டம்போலாகிப் புள்ளியாய் மறையும். குழிவே இல்லாத கோட்டுக்கு இதை 1986-இல் கணிதர்கள் கேஜும் ஹாமில்டனும் நிறுவினார்கள். மற்றவையும் குழிவிழந்து அந்த நிலைக்கு வந்துசேரும் என்று 1987-இல் கிரேசன் காட்டினார். ஒற்றைக் கோட்டின் கதை அத்தோடு முடிந்தது.

வலை வேறு சங்கதி. அதில் கோடுகள் முச்சந்தியில் கூடுகின்றன. மூன்று கோட்டுக்கும் ஒரே இழுவிசை என்றால் ஒன்றுக்கொன்று 120 பாகையில்தான் நிற்க முடியும். இல்லையென்றால் சந்தியே அந்தக் கணத்தில் இழுபட்டு இடம் மாறும். இந்த ஒரு நிபந்தனையிலிருந்து ஓர் அழகான கணக்கு பிறக்கிறது. கோடுகள் சுவராக நின்று அடைக்கும் பகுதியை அறை என்போம். ஓர் அறையைச் சுற்றி ஒரு முழுச் சுற்று வந்தால் மொத்தம் 360 பாகை திரும்ப வேண்டும். ஒவ்வொரு முச்சந்தி முனையிலும் 60 பாகை சும்மாவே திரும்பிவிடுகிறோம். ஆறு முனை இருந்தால் அதிலேயே 360 தீர்ந்துபோகிறது. சுவர்களின் வளைமையைக் கூட்டினால் பூச்சியம், அறையின் பரப்பு மாறாது. ஆறுக்குக் குறைந்தால் சுருங்கும், ஆறுக்கு மிஞ்சினால் பெருகும். பரப்பு மாறும் வேகம், பக்க எண்ணிக்கையிலிருந்து ஆறைக் கழித்து, பை (π) என்ற எண்ணின் மூன்றில் ஒரு பங்கால் பெருக்கியது. அறை எவ்வளவு பெரியது, என்ன உருவம் என்ற கேள்வியே இல்லை. எண்ணத் தெரிந்தால் போதும்.

1952-இல் உலோகவியலாளர் சிரில் ஸ்டான்லி ஸ்மித் உலோகத் துகள்களை (உலோகத்துக்குள் நெருங்கிக் கிடக்கும் படிகங்களை) சோப்பு நுரையோடு ஒப்பிட்டு எழுதிய கட்டுரைமீது கருத்துச் சொல்லும்போது கணிதர் வான் நியூமன் போட்ட கணக்கு இது. 1956-இல் மல்லின்ஸ் உலோகத் துகள் எல்லைகளுக்கு, அதாவது நம் வளைமை ஓட்டத்துக்கு, இதையே நிறுவினார்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆறு பக்கம் புதிதல்ல. செம்பனையை 9 மீட்டர் பக்கமுள்ள சமபக்க முக்கோணமாக நடுகிறார்கள். ஹெக்டருக்கு ஏறத்தாழ 143 மரம். ஒவ்வொரு மரத்துக்கும் தனக்கு மிக அருகிலுள்ள நிலத்தைப் பிரித்துக் கொடுத்தால் ஒவ்வொரு பங்கும் ஓர் ஒழுங்கான அறுகோணம். அந்த எல்லைகளை வளைமை ஓட்டத்தில் விட்டால் எதுவும் அசையாது. இந்த அசையாமை பின்னால் எங்களை ஏமாற்றப் போகிறது.

சரி, முறைகள்.

முதலில் கணினியே இல்லாத வழி. படச்சட்டக் கடையில் இரண்டு பெர்ஸ்பெக்ஸ் தகடு வாங்கி, இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, உள்ளே பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரை ஊற்றி ஆட்டினால் ஒற்றை அடுக்கு நுரை கிடைக்கும். மேலேயிருந்து மணிக்கணக்கில் படம் எடுக்கலாம். செலவு சில ரிங்கிட். எனக்கு மிகவும் பிடித்த வழி, ஆனால் ஆய்வின் தலைப்புக்கு நேராக வராது. நுரையில் வாயு சுவரைத் தாண்டிக் கசிவது மெதுவாகவும், அழுத்தம் சமப்படுவது உடனடியாகவும் நடக்கிறது. அதனால் ஒவ்வொரு சுவரும் எப்போதும் வட்ட வில். வளைமை ஓட்டத்திலோ ஒவ்வொரு புள்ளியும் தன் வளைமையின்படித் தனியாக நகர்கிறது. சுவர் வில்லாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பரப்பு மாறும் விதி இரண்டுக்கும் ஒன்றுதான், உருவம் ஒன்றல்ல. முன்மொழிவின் முதல் பக்கத்துக்குப் படமாக வைத்துக்கொள், முறையாக வைக்காதே என்றேன்.

அடுத்தது புள்ளி நகர்த்தும் முறை. கோட்டின்மேல் புள்ளிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் வளைமையையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளிலிருந்து கணித்து நகர்த்துவது. முச்சந்தியை மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டும்: மூன்று கோடும் புறப்படும் திசையில் ஓரலகு அம்பு வரைந்தால் மூன்றையும் கூட்டியது பூச்சியமாக வரும் இடத்தில் சந்தியை வைக்க வேண்டும். கணிதத்துக்கு மிக நேர்மையான முறை இதுதான். 1993-இல் பிரான்சார்டும் ரைட்டிச்சும், 2004-இல் மாண்டெகாஸா, நோவாகா, டோர்டோரெல்லி மூவரும் முச்சந்தி வலைக்குத் தீர்வு இருக்கிறது என்று காட்டியபோது கோட்டை இப்படிக் கோடாகவே வைத்துத்தான் பேசினார்கள். கென் பிராக்கி எழுதி இலவசமாகக் கொடுத்த சர்ஃபேஸ் எவால்வர் நிரலும் இந்தக் குடும்பம்.

இதன் தலைவலி, ஒரு சுவர் சுருங்கிச் சுருங்கி நீளமே இல்லாமல் போகும் கணத்தில் வருகிறது. இரண்டு முச்சந்தி முட்டி ஒரு நாற்சந்தியாகிறது. அது நிலைக்காது, வேறு பக்கமாகத் திறந்து மறுபடி இரண்டு முச்சந்தியாகப் பிரியும். மேலும் கீழுமாகத் தொட்டுக்கொண்டிருந்த இரண்டு அறைகள் உறவை இழக்கின்றன. இடமும் வலமுமாக இருந்த இரண்டு அறைகள் புதிதாக அண்டை வீட்டார் ஆகின்றன. இரண்டு அறைக்கு ஒவ்வொரு பக்கம் குறைகிறது, இரண்டுக்கு ஒவ்வொன்று கூடுகிறது. இந்த ஒட்டு வேலையை நிரலில் நீயே எழுத வேண்டும். முக்கோண அறை மறையும்போது வேறொரு வகை வெட்டு. எந்தச் சுவர் யாருக்குச் சொந்தம் என்ற பட்டியலில் ஒரு வரி தவறினால் அடுத்த பத்து நொடியில் வலை நூல் சிக்கலாகிவிடும். இருபது அறைக்கு எழுதியவர்கள் இதிலேயே பருவத்தைத் தொலைப்பார்கள். ஆனால் ஒரே ஒரு முச்சந்தி, மூன்று கோடு, மூன்று நிலையான முனை என்றால் ஐம்பது வரியில் முடியும். முனைகள் தோதாக அமைந்தால் சந்தி தானே வழுக்கிப்போய் 120 பாகையோடு ஓய்வதைத் திரையில் பார்க்கலாம். நான் அவளை முதல் வாரத்தில் இதைத்தான் எழுதச் சொன்னேன். எழுதியவளுக்குத்தான் சந்தி என்றால் என்ன என்று கை சொல்லும்.

மட்டக்கோட்டு முறை, 1988-இல் ஒஷரும் செத்தியனும் கொடுத்தது, ஒரு கோட்டை ஒரு மேற்பரப்பின் நீர்மட்டமாகப் பார்க்கிறது. அற்புதமான முறை, ஆனால் மட்டத்துக்கு மேல், கீழ் என்று இரண்டு பக்கம்தான் உண்டு. மூன்று அறை கூடும் இடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பரப்பை வைத்து, இடையில் வரும் ஓட்டையையும் மேற்படிவையும் தைத்துக்கொண்டிருக்க வேண்டும். இந்த வேலைக்கு வேண்டாம்.

ஃபேஸ் ஃபீல்டு அதன் பொறுமையான பங்காளி. 1979-இல் ஆலனும் கானும் எழுதிய சமன்பாட்டின் வழியில், சுவரைக் கூர்மையான கோடாக வைக்காமல் சில பிக்சல் அகலமுள்ள மங்கலான பட்டையாக வைப்பது. முச்சந்தியும், சுவர் மறைவதும், அறை மறைவதும் தானாகவே நடக்கும். விலை நேரம். ஓரலகுச் சதுரத்தை 256-க்கு 256 கட்டமாகப் பிரித்தால், இப்போதைய மதிப்பிலிருந்தே அடுத்ததைக் கணிக்கும் நேரடி முறையில் ஒரு நேரப்படி ஏறத்தாழ 0.0000038-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் கணக்கு வெடித்துவிடும். நேரம் 0.05 வரை போக 13,000 படிக்கு மேல். ஒரு முறை ஓடவிட்டு ஒரு தே குடித்துவிட்டு வரலாம். அளவுருவை மாற்றி மாற்றி முப்பது முறை ஓடவிட அந்த மடிக்கணினி தாங்காது. உலோகவியல் ஆய்வகத்தில் இருந்தால் இதைத்தான் எடுக்கச் சொல்வேன், ஏனென்றால் வெப்பம், கரைபொருள் என்று மற்றதையும் இதனோடு சேர்க்கலாம். அவளுக்கு அந்தத் தேவை இல்லை.

இப்போது என் காயம். நான் படித்த காலத்தில் பாட்ஸ் மாதிரியைத்தான் எடுத்தேன். எழுதுவது குழந்தை விளையாட்டு: ஒவ்வொரு பிக்சலுக்கும் ஓர் அறை எண். சும்மா ஒரு பிக்சலைப் பிடி, பக்கத்துப் பிக்சலின் எண்ணாக மாற்றிப் பார், வேறு எண் கொண்ட அண்டைகள் கூடாவிட்டால் மாற்றத்தை ஏற்றுக்கொள். 1984-இல் ஆண்டர்சன், ஸ்ரோலோவிட்ஸ் குழுவினர் உலோகத் துகள் வளர்ச்சிக்கு இதை வைத்துத்தான் பெயர் வாங்கினார்கள். நான் சதுரக் கட்டத்தில், மேல் கீழ் இடம் வலம் என்று நான்கு அண்டையோடு, வெப்பநிலையைப் பூச்சியமாக வைத்து, அதாவது முரண்பாட்டைக் கூட்டும் மாற்றம் எதையும் ஏற்காமல், எழுதினேன். கொஞ்ச நேரம் அழகாக நடந்தது. பிறகு சுவர்கள் கட்டத்தின் கோட்டோடு ஒட்டி நேராகி, அப்படியே உறைந்துபோயின. நான் அதைச் "சமநிலை" என்று அறிக்கையில் எழுதிக் கொடுத்துவிட்டேன். வாய்மொழித் தேர்வில் ஒருவர், "உங்கள் வட்டம் ஏன் சதுரமாகிறது?" என்று ஒரே கேள்வி கேட்டார். இன்றைக்கும் காது சுடுகிறது. எட்டு அண்டை வைத்திருக்க வேண்டும், அல்லது செம்பனை நடுவதுபோல முக்கோணக் கட்டத்துக்குப் போயிருக்க வேண்டும். அப்படிச் செய்தாலும் அதன் நேரம் பகடை உருட்டிய எண்ணிக்கைதான். வளைமை ஓட்டத்தின் நேரமாக அதை மாற்ற ஒரு பெருக்கெண்ணைத் தனியே அளந்தெடுக்க வேண்டும்.

கடைசியாக மெரிமன், பென்ஸ், ஒஷர் மூவரும் 1992-இல் சொன்ன முறை, முதலெழுத்துகளால் எம்.பி.ஓ. என்பார்கள். இதைக் கேட்டதும் அவள் சிரித்துவிட்டாள், "இவ்வளவுதானா?" என்று. ஒவ்வோர் அறைக்கும் ஒரு படம்: உள்ளே ஒன்று, வெளியே பூச்சியம். எல்லாப் படத்தையும் ஒரே அளவு மங்கலாக்கு, அதாவது வெப்பம் பரவுவதுபோலக் கொஞ்ச நேரம் பரவ விடு. பிறகு ஒவ்வொரு பிக்சலிலும் எந்த அறையின் மதிப்பு அதிகமோ அந்த அறைக்கே அந்தப் பிக்சல். திரும்ப மங்கலாக்கு, திரும்பப் பங்கு போடு. இவ்வளவேதான். வளைந்த சுவர் தன் வளைமைக்குத் தக்கபடி நகர்கிறது. மூன்றும் சமமாக மோதும் சந்தி யாரும் சொல்லாமலே 120 பாகைக்கு வந்து நிற்கிறது. அறை மறைந்தால் அதன் படம் காலி, வேறு வெட்டு ஒட்டு இல்லை. சுவருக்குச் சுவர் இழுவிசை மாறினாலும் இதை எப்படி நீட்டுவது என்று 2015-இல் எசடோலுவும் ஒட்டோவும் காட்டியிருக்கிறார்கள்.

கணக்குப் பாருங்கள். 40 அறை, 256 கட்டம்: எல்லாப் படமும் சேர்ந்து 21 மெகாபைட். படி நேரம் 0.001 வைக்கலாம்; 0.05 வரை போக 50 படி. ஃபேஸ் ஃபீல்டின் 13,000-க்கு எதிரே 50.

இதிலும் குழி உண்டு, நாங்கள் விழுந்தோம். ஒரு சனிக்கிழமை இரவு அவள் நிரலை முடித்து, கையோடு இருந்த செம்பனை அறுகோணத்தை, பெட்டியின் நீள அகலத்தை அதற்கேற்ப வெட்டி, உள்ளே போட்டாள். படம் அசையவில்லை. "பாத்தீங்களா மாமா, ஆறு பக்கம், மாறவே இல்ல!" இருவருக்கும் பெருமை. மறுநாள் கோணல்மாணலான வலையைப் போட்டாள். அதுவும் அசையவில்லை. படி நேரத்தை 0.00001 என்று வைத்திருந்தாள், சின்னதாக இருந்தால் துல்லியம் கூடும் என்ற நினைப்பில். கால் அலகு ஆரமுள்ள வட்டத்தின் வளைமை 4. அந்தப் படியில் சுவர் நகர வேண்டியது 0.00004. ஒரு பிக்சலின் அகலமோ 0.0039. நூறில் ஒரு பிக்சல் நகர்வதற்குப் பங்கு போடும்போது எந்தப் பிக்சலும் கைமாறாது. ஒவ்வொரு படியும் பூச்சியத்திலிருந்து தொடங்கிப் பூச்சியத்திலேயே முடிகிறது. என் பாட்ஸ் உறைவும் இதுவும் ஒரே வியாதி, வேறு பெயர். அறுகோணத்தைச் சோதனையாக வைத்ததுதான் முட்டாள்தனம். செத்த நிரலும் அதில் தேறிவிடும்.

வட்டத்தை வைத்துச் சோதிக்க வேண்டும். கால் அலகு ஆரம் 0.03125 நேரத்தில் மறைய வேண்டும், 0.001 படிக்கு 31 படி. படியைப் பெரிதாக்கிக்கொண்டே போகவும் முடியாது: 0.001-க்கே மங்கலின் அகலம் பதினொரு பிக்சல் வருகிறது, அதைவிடக் கொஞ்சமே பெரிய அறைகளெல்லாம் உரிய காலத்துக்கு முன்பே கரைந்துபோகும். பிக்சலுக்கும் மங்கலுக்கும் நடுவே உள்ள அந்த ஒடுக்கமான சந்தில்தான் இந்த முறை வாழ்கிறது.

எல்லா முறைகளையும் ஒரே கேள்வியால் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றால் நான் நாற்சந்தியைக் கேட்பேன். தோட்டத்துச் செம்மண் சாலை இரண்டு செங்குத்தாக வெட்டிக்கொள்வதுபோல நான்கு அறை கூடும் ஓர் இடத்திலிருந்து தொடங்குகிறோம் என்று வையுங்கள். ஓரலகுச் சதுரத்தின் நான்கு மூலைகளை மூலைவிட்டங்களால் இணைத்தால் நீளம் 2.828, இரண்டு முச்சந்தியாகத் திறந்து இணைத்தால் 2.732. ஆகவே திறக்கத்தான் வேண்டும். ஆனால் கிடையாகவும் திறக்கலாம், நெடுக்காகவும் திறக்கலாம். இரண்டும் சமமான தீர்வு. இப்படிப்பட்ட ஒழுங்கற்ற தொடக்கத்திலிருந்தும் ஓட்டம் கிளம்பும் என்று இல்மானென், நெவெஸ், ஷுல்ஸ மூவரும் 2019-இல் வெளியான கட்டுரையில் நிறுவியிருக்கிறார்கள். எந்தப் பக்கம் என்பதை விதி சொல்வதில்லை. புள்ளி முறையில் அதை நீ எழுதுவாய். பாட்ஸில் பகடை சொல்லும். எம்.பி.ஓ. என்ன செய்யும் தெரியுமா? நான்கு படமும் சமச்சீராக மங்கும், சமச்சீராகப் பங்கு பிரியும், நாற்சந்தி நாற்சந்தியாகவே உட்கார்ந்திருக்கும். எத்தனை படி போனாலும் பிடிவாதமாக இருக்கும். தப்பான பதில், தப்பு என்று ஓர் அடையாளமும் காட்டாத பதில்.

நடுவழியில் சுவர் சுருங்கி உண்டாகும் நாற்சந்தியில் இந்தக் குழப்பம் இல்லை. அங்கே கோணங்கள் 120, 60, 120, 60 என்று வரும். ஒடுங்கிய 60 பாகை விரிந்துதான் ஆக வேண்டும், அதனால் ஒரே திசைதான் உண்டு. எம்.பி.ஓ.வும் அந்தத் திசையிலேயே திறக்கும். ஆக, சதுரக் கட்டத்தைத் தொடக்கமாக வைக்காதே, சிதறிய புள்ளிகளிலிருந்து வலையை உண்டாக்கு என்பதை முன்மொழிவிலேயே எழுதச் சொன்னேன்.

முடிவு எம்.பி.ஓ.; கூடவே ஒற்றை முச்சந்திக்குப் புள்ளி முறை, எம்.பி.ஓ.வின் சந்தி அதே இடத்தில்தான் இருக்கிறதா என்று ஒத்துப்பார்க்க. அறை எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் போகவேண்டியிருந்தால், தொலைவில் இருக்கும் அறைகளுக்கு ஒரே படத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் உத்தி உண்டு. நாற்பதுக்கு அது வேண்டாம்.

போன வெள்ளிக்கிழமை ஐந்து பக்க அறை ஒன்றின் பரப்பை முதல் பத்துப் படிக்கு வரைந்து பார்த்தாள். வான் நியூமன் கணக்குப்படி சரிவு மைனஸ் 1.047 வர வேண்டும். அவளுக்கு மைனஸ் 0.98 வந்தது. பக்கத்து ஏழு பக்க அறை அதே அளவில் ஏறுகிறது, ஆறு பக்க அறை ஒன்று மட்டும் லேசாகத் தொய்கிறது. மங்கலின் குற்றமா, எண்ணியதில் குற்றமா என்று தெரிய படியைப் பாதியாக்க வேண்டும். பாதியாக்கினால் உறையாமலிருக்கக் கட்டத்தை 512 ஆக்க வேண்டும். நேற்று இரவு அதை ஓடவிட்டுவிட்டு, மடிக்கணினிக்கு அடியில் இரண்டு மரக்கட்டை வைத்து, மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத் தூங்கப் போனாள்.